கத்தரி யாருடைய கையில்? மோர்ட்டல் கொம்பாட் வீட்டுப் பதிப்புகள்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

மோர்ட்டல் கொம்பாட் என்ற சண்டை விளையாட்டின் முதலாம் பாகத்தில், சப்-சீரோ என்ற போராளியின் முடிவு அடிக்கு (தோற்ற எதிரியை முடிக்கும் கடைசி அடி) ஆர்கேட்டிலும் சூப்பர் நிண்டெண்டோவிலும் மெகா டிரைவிலும் ஒரே அழுத்தம்தான்: எதிரிக்குக் கிட்ட நின்றுகொண்டு முன், கீழ், முன், மேல் குத்து. சூப்பர் நிண்டெண்டோவில் இதை அழுத்தினால் எதிரி பனிக்கட்டியாக உறைந்து நொறுங்குவான். சேகாவின் மெகா டிரைவில் இரத்தச் சங்கேதம் (இரத்தத்தைத் திறக்கும் பொத்தான் வரிசை) போட்டிருந்தால் தலை முள்ளந்தண்டோடு சேர்ந்து கையில் வரும். காசு போட்டு விளையாடும் ஆர்கேட் பெட்டியில் 1992இல் வந்தது இரண்டாவதுதான். வீட்டுக்கு வரும்போது எது வெட்டப்பட்டது, எது பூட்டப்பட்டது, எது இடமில்லாமல் விடப்பட்டது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்தக் கசெட்டை வாங்கலாம், எதைத் திருத்தலாம் என்று முடிவெடுக்க முடியும். யாழ்ப்பாணத்தில் இது இன்னும் அவசியம். ஒரே வீட்டில் ரொறன்ரோவிலிருந்து வந்த கருவியும், லண்டனிலிருந்து வந்த கசெட்டும், ஜேர்மனியிலிருந்து வந்த டிஸ்க்கும் ஒன்றாகக் கிடப்பது இங்கே வழமை.

முதலில் சூப்பர் நிண்டெண்டோ. 1993 செப்டெம்பர் 13ஆம் திகதி அக்லெய்ம் நிறுவனம் வீட்டுப் பதிப்புகளை ஒரே நாளில் வெளியிட்டது. நிண்டெண்டோவின் அன்றைய கொள்கை இரத்தத்தை அனுமதிக்கவில்லை. அதனால் அடி விழுந்த இடத்திலிருந்து தெறிப்பது சாம்பல் நிற வியர்வை. ஜொனி கேஜ் தலையைத் தட்டி விழுத்தமாட்டார், நெஞ்சில் உதைப்பதோடு முடிப்பார். ரெய்டன் மின்சாரம் பாய்ச்சினால் தலை வெடிக்காது, எதிரி சாம்பலாகிப் போவான். லியூ காங்கின் முடிவு அடியில் ஆர்கேட்டிலேயே இரத்தக்களரி இல்லை, ஆகவே அங்கே இழப்பும் இல்லை.

நாட்கணக்காக விளையாடும்போது தெரியவருவது வேறு. இரத்தம் இல்லாதது ஒரு கிழமையில் பழகிவிடும். பழகாதது இரண்டு. ஒன்று, தெறிக்கும் துளி ஆர்கேட்டில் ஒரு தகவல்: அடி தலையில் பட்டதா, தடுப்பில் பட்டதா என்பதை ஓரக்கண்ணாலேயே சொல்லிவிடும். சாம்பல் துளி மங்கலான பின்னணியோடு கரைந்துபோகும். அப்போது கண்ணை விட்டுக் காதை நம்பவேண்டும், நல்லகாலமாக இந்தப் பதிப்பின் ஒலி தரமானது. இரண்டாவது, முடிவு அடிகளின் தனித்தன்மை. ஒவ்வொரு போராளிக்கும் ஒரு கையெழுத்துப் போல இருந்தவற்றில் சில வெறும் பலத்த அடியாகிவிட்டன. இரத்தத்தின் நிறத்தை மாற்றியது சிறிய காயம், அசைவுப் படங்களை எடுத்து வேறு படம் வைத்தது பெரிய காயம். நிறத்தை வெளியிலிருந்து மாற்றலாம். கசெட்டில் இல்லாத அசைவை எந்தச் சங்கேதமும் வரவழைக்காது.

இவ்வளவுக்கும் சூப்பர் நிண்டெண்டோப் பதிப்பு கண்ணுக்கு ஆர்கேட்டுக்குக் கிட்ட நிற்கிறது. அதன் நிறத் தட்டில் 32,768 நிறங்கள், மெகா டிரைவில் 512. மெகா டிரைவில் அறிவிப்பாளர் குரலும் குறைவு. அப்படியிருந்தும் கூடுதலாக விற்றது மெகா டிரைவ் கசெட்தான்.

காரணம் சேகா வெட்டாமல் பூட்டி வைத்ததுதான். சாதாரணமாகப் போட்டால் இரத்தம் வராது, முடிவு அடிகளும் மென்மையாக இருக்கும். திறக்கும் முறை இது:

கருவியைப் போட்டு நிறுவனச் சின்னங்கள் போகும்வரை பொறுக்கவேண்டும். கறுப்புத் திரையில் சங்கேதங்களைப் பற்றிய ஒரு பந்தி எழுத்து வரும். அது திரையில் நிற்கும்போதே முதலாம் கொன்றோலரில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று ஒவ்வொன்றாக அழுத்தவேண்டும். சரியாக விழுந்தால் எழுத்து சிவப்பாக மாறி, ஸ்கோர்ப்பியனின் குரல் கேட்கும். கசெட்டில் பதிவு வைக்கும் பற்றரி இல்லை, ஆகவே ஒவ்வொரு முறை கருவியைப் போடும்போதும் திரும்ப அழுத்தவேண்டும்.

விழாமல் போவதற்குப் பெரும்பாலும் கொன்றோலர்தான் காரணம். வேற்று நிறுவனக் கொன்றோலர்களில் டேர்போ சுவிச் போட்டிருந்தால் ஒரு தட்டு பல தட்டாகப் பதியும், சங்கேதம் குழம்பும். அதை அணைக்கவேண்டும். பழைய கொன்றோலர்களில் பொத்தானுக்குக் கீழுள்ள கார்பன் றப்பர் தேய்ந்து, அழுத்தினாலும் பதியாமல் விடும். பின்பக்க ஆணிகளைக் கழற்றி, றப்பரையும் பலகையின் தொடுகைகளையும் ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பூட்டினால் அநேகமாகச் சரிவரும். கசெட்டின் தொடுகைகளுக்கும் இதே வைத்தியம்தான். கடற்காற்றில் உப்பு ஏறிப் பச்சை பிடிப்பது எங்கள் ஊரில் சாதாரணம். வாயால் ஊதுவதை மட்டும் விட்டுவிடுங்கள், எச்சில் ஈரம் அந்தப் பச்சையை இன்னும் கூட்டும்.

மூன்று பொத்தான் கொன்றோலரில் சங்கேதம் அழுத்தலாம், ஆனால் சண்டையை ஒழுங்காகப் பிடிக்க ஆறு பொத்தான் கொன்றோலர் தேவை. குத்து இரண்டு, உதை இரண்டு, தடுப்பு ஒன்று என ஐந்து வேலைகளை மூன்றில் அடக்கினால் முடிவு அடிக்குரிய நேரத்தில் விரல் தடுமாறும்.

சேகா இந்தக் கசெட்டுக்குத் தன் சொந்தத் தரப்படுத்தலில் 13 வயதுக்கு மேல் என்ற குறியை இட்டது. சேகா சீடிப் பதிப்பில் சங்கேதமே தேவையில்லை, அதற்கு 17 வயதுக் குறி. கையடக்கக் கேம் கியரில் சங்கேதம் 2, 1, 2, கீழ், மேல். கேம் போயில் இரத்தமே இல்லை.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எங்களுடைய தெரிவு இந்தப் பூட்டு முறைதான். கருவியை அணைத்தால் பூட்டு தானாகத் திரும்ப விழுகிறது, பெரியவர் மறந்தாலும் பிரச்சினை இல்லை. முழு விளையாட்டும் கசெட்டுக்குள் இருக்கிறது, திறப்பதா இல்லையா என்பது வீட்டுக்காரரின் முடிவு. ஆர்கேட் பெட்டியிலும் இப்படித்தான் இருந்தது. உள்ளே பலகையில் இரத்தத்துக்கு ஒரு சிறு சுவிச்சும் வன்முறைக்கு இன்னொன்றும் உண்டு, கடைக்காரர் விரும்பினால் அணைக்கலாம். ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேற்றரில் விளையாடுகிறவர்கள் டாப் விசையை அழுத்தி டிப் சுவிச் பட்டியலுக்குப் போனால் இவை இரண்டும் தெரியும். இரத்தம் வரவில்லையென்றால் முதலில் அங்கே பார்த்து, மாற்றியபின் எஃப்3 அழுத்தி மீளத் தொடக்கவேண்டும்.

அமெரிக்கச் செனற்றில் லீபர்மன், கோல் இருவரின் தலைமையில் 1993 டிசெம்பர் 9ஆம் திகதி வீடியோ விளையாட்டு வன்முறை பற்றிய விசாரணை நடந்தது. அடுத்த வருடமே முழுத் தொழிலுக்குமான ஈஎஸ்ஆர்பி வயதுத் தரப்படுத்தல் வந்தது. சாம்பல் வியர்வையும் அந்த வருடத்தோடு முடிந்தது: 1994இல் வந்த இரண்டாம் பாகம் சூப்பர் நிண்டெண்டோவில் இரத்தத்தோடு, பெட்டியில் எச்சரிக்கை வாசகத்தோடு வெளியானது. அந்தக் கருவியில் வைத்திருக்கத் தகுந்தது அந்த இரண்டாம் பாகம்தான். ஆனால் சூப்பர் ஃபாமிகொம் (சூப்பர் நிண்டெண்டோவின் ஜப்பானியப் பெயர்) கசெட்டைத் தவிருங்கள். அதில் இரத்தம் பச்சை, முடிவு அடி நேரத்தில் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஜப்பானிய எழுத்துள்ள கசெட்டை எடுப்பவர்கள் இதில் அகப்படுகிறார்கள்.

இப்போது யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல். இரத்தம் சாம்பலாகத் தெரிந்தால் அது தணிக்கையாகத்தான் இருக்கவேண்டுமென்றில்லை. கனடா, அமெரிக்கக் கருவிகள் என்ரிஎஸ்சி முறையில் படம் அனுப்பும், இலங்கை ரீவிகள் பால் முறை. பழைய குழாய் ரீவியில் என்ரிஎஸ்சி ஏற்காத செற் என்றால் முழுப்படமுமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும், சிலவேளை மேலும் கீழுமாக உருளும். போராளியின் உடையில் நிறம் இருந்து, துளி மட்டும் சாம்பல் என்றால் அது தணிக்கை. உடையும் சாம்பல் என்றால் ரீவி. ரீவியின் நிற முறையை ஓட்டோவில் அல்லது என்ரிஎஸ்சியில் வைத்துப் பாருங்கள். இப்போதைய எல்ஈடி ரீவிகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்கும், ஆனால் பொத்தானுக்கும் அடிக்கும் இடையில் தாமதம் வரும். கேம் மோட் இருந்தால் போடுங்கள், மற்றப் பட மெருகூட்டல்களை அணையுங்கள்.

ஐரோப்பியக் கருவியில் வேறு விதமான குறை. அது 50 ஹேர்ட்ஸ், அமெரிக்கக் கசெட் 60 ஹேர்ட்ஸுக்கு எழுதப்பட்டது. அந்தக் கசெட்டை அதில் ஓட்டினால் ஆட்டம் ஏறத்தாழ 17 சதவீதம் மெதுவாகும். கை பழகிய நேரக்கணக்கு பிழைக்கும். சூப்பர் நிண்டெண்டோவில் இந்தக் கலப்பே நடக்காது, அமெரிக்கக் கசெட்டின் வடிவம் வேறு, பூட்டுச் சிப்பும் வேறு.

மின்சாரத்தில்தான் கருவிகள் சாகின்றன. ரொறன்ரோ அடப்டர் 120 வோல்ட்டுக்குரியது, நேரே 230இல் குத்தினால் எரியும். ஒன்றில் 230இலிருந்து 110க்கு இறக்கும் டிரான்ஸ்போமர், இல்லையேல் இங்கேயே வாங்கும் மாற்று அடப்டர். முதலாம் மாதிரி மெகா டிரைவுக்கு 9 வோல்ட் டிசி, 1.2 அம்பியர், நடு முனை மறை. இரண்டாம் மாதிரிக்கு 10 வோல்ட், 0.85 அம்பியர், நடு முனை நேர். இந்த முனை மாற்றத்தைப் பார்க்காமல் குத்துவதுதான் அடிக்கடி நடக்கும் சேதம். ஐரோப்பிய சூப்பர் நிண்டெண்டோவின் அடப்டர் 9 வோல்ட் ஏசி கொடுப்பது, அதை மெகா டிரைவில் குத்தவே கூடாது. திருத்துகிற கடைக்குக் கொண்டுபோகும்போது கருவியின் அடியில் உள்ள மாதிரி இலக்கத்தைக் காட்டி, மல்டிமீற்றரில் முனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நியோ ஜியோ என்ற கருவியின் பக்கம் போனால் கத்தரி, அதாவது தணிக்கை, நாட்டுக் குறியில் இருக்கிறது. 1993இன் சாமுராய் ஷோடவுன் கசெட் ஒன்றேதான், ஆனால் கருவி தன்னை அமெரிக்கக் கருவி என்று சொன்னால் இரத்தம் வெள்ளையாகும், உடல் இரண்டாகப் பிளக்கும் காட்சி வராது. ஜப்பானியக் கருவி என்றால் எல்லாம் வரும். யூனிபயோஸ் என்ற மாற்றுத் தொடக்க மென்பொருள் போட்ட கருவியில், தொடங்கும் திரையில் ஏ, பி, சி மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் பட்டியல் திறக்கும், அங்கே நாட்டை ஜப்பானுக்கு மாற்றலாம். விலை ஒன்று உண்டு: எழுத்துகளும் ஜப்பானியமாகிவிடும். சண்டைக்கு அது தடையில்லை.

எல்லா வெட்டையும் தணிக்கை என்று எண்ணுவதும் பிழை. அல்டிமேட் மோர்ட்டல் கொம்பாட் 3இன் 16 பிற் பதிப்புகளில் (சூப்பர் நிண்டெண்டோ, மெகா டிரைவ்) ஷீவா என்ற போராளி இல்லை, சூப்பர் நிண்டெண்டோவில் விலங்காக மாறி முடிக்கும் அடிகளும் இல்லை. அது கசெட்டின் நினைவகம் போதாத குறை. சங்கேதம் தேடி நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

டிஸ்க் காலத்தில் வெட்டுகள் நுணுக்கமாகின. 2008இன் மோர்ட்டல் கொம்பாட், டிசி யூனிவேர்ஸ் டிஸ்க்கை எடுத்தால், ஈஎஸ்ஆர்பி டி (பதின்ம வயதினருக்கானது) குறியுள்ள வட அமெரிக்கப் பதிப்பில் ஜோக்கரும் டெத்ஸ்ட்ரோக்கும் துப்பாக்கியால் சுடும் கணத்தில் கமரா எதிரியை மறைத்துவிடும். பிரித்தானியப் பதிப்பில் மறைக்காது. பிளேஸ்டேசன் 3 டிஸ்க்குகளுக்குப் பொதுவாக நாட்டுப் பூட்டு இல்லாததால் கனடாக் கருவியிலும் லண்டன் டிஸ்க் ஓடும். எக்ஸ்பொக்ஸ் 360இல் அப்படி நம்பமுடியாது. 2011இன் மோர்ட்டல் கொம்பாட்டுக்கு அவுஸ்திரேலியா வகைப்படுத்தல் மறுத்தது. 2013 ஜனவரியில் ஆர்18+ என்ற பெரியவர்களுக்கான வகை நடைமுறைக்கு வந்தபின்தான் முழுப் பதிப்பு அங்கே கடைக்கு வந்தது. ஜேர்மனியில் அது பறிமுதல் பட்டியலில் ஏறியது, மோர்ட்டல் கொம்பாட் எக்ஸ் அங்கே 18 வயதுக் குறியோடு வெட்டாமல் வெளியானது. 11ஆம் பாகம் ஜப்பானில் விற்கப்படவேயில்லை. ஆகவே உறவினரிடம் சொல்லும்போது பெயரை மட்டும் சொல்லாமல் பெட்டியின் மூலையிலுள்ள குறியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முதல் மூன்று பாகங்களுக்கும் இப்போது குறைந்த செலவான வழி, ஜிஓஜி இணையக் கடையில் விற்கும், கணினிக்கான டொஸ் பதிப்புகள். இரத்தம் உண்டு, சங்கேதம் வேண்டாம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். யூஎஸ்பி கொன்றோலர் ஒன்று வாங்கினால் போதும்.

பிளேஸ்டேசனில் புதிய பாகங்களை விளையாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இலங்கை பிளேஸ்டேசன் வலையமைப்பின் நாடுகள் பட்டியலில் இல்லை, எல்லாரும் வேறொரு நாட்டுக் கணக்கில்தான் இருக்கிறார்கள். அந்த நாட்டுக் கடையில் இல்லாத விளையாட்டு உங்களுக்கும் கிடைக்காது. டிஸ்க் எந்தக் கணக்கிலும் ஓடும், ஆனால் மேலதிகப் போராளிகளை வாங்கினால் டிஸ்க்கின் நாடும் கணக்கின் நாடும் ஒத்திருக்கவேண்டும். லண்டன் டிஸ்க்குக்கு அமெரிக்கக் கணக்கில் காசு கட்டினால் போராளி இறங்குவார், தெரிவுத் திரையில் வரமாட்டார்.