டெல்டா வீட்டில் பால் பைத்தான் குட்டி: பெட்டியின் வெப்ப ஏற்பாடு, நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு) வளர்ப்புக்கு இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதுதான் அங்கே கவலை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் ஆண்டின் பாதிக்கு மேல் கவலை நேர்மாறாக இருக்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் அறையே பகலில் 32, 34 டிகிரிக்குப் போய்விடும். ஹீட் மேட் (பெட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு) அணைந்து கிடக்கும், அதைத் தேவைக்கேற்ப எரித்து அணைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும், ஆனால் குட்டி ஒதுங்குவதற்குக் குளிர்ந்த மூலை ஒன்றுகூட இருக்காது. அதனால் இங்கே முதல் வேலை குளிர்ந்த பக்கத்தைக் காப்பாற்றுவது. சூடேற்றுவது அதற்கு அப்புறம்தான்.

பிடிக்க வேண்டிய அளவுகள் இவை: சூடான பக்கத்தின் தரை 31 முதல் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரவில் 24 வரை இறங்கினால் பாதகமில்லை. ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம், சட்டை உரிக்கும் நாட்களில் இன்னும் கொஞ்சம் கூடுதல். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலைக் கழிக்கும் பாம்பு இது. வெளியே வெயில் கொளுத்தினாலும் அது படுத்திருக்கும் இடம் நிழலும் ஈரமும் உள்ளது. ஆப்பிரிக்கப் பாம்புக்கு நம்மூர் வெயில் ஒத்துக்கொள்ளும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பெட்டி முழுவதும் 35 டிகிரியில் மணிக்கணக்காக நின்றால் உயிருக்கே ஆபத்து. குட்டிக்கு உடம்பு சிறியது, பெரிய பாம்பைவிடச் சீக்கிரம் சூடேறி நீர் வற்றிப்போகும்.

அறையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். தரைத்தளத்தில், மேற்குச் சுவர் இல்லாத அறை, சிவப்பு சிமெண்டுத் தரையாக இருந்தால் இன்னும் நல்லது. அலமாரி மேல்தட்டில் வைத்த பெட்டிக்கும் முழங்கால் உயரத்தில் வைத்த பெட்டிக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும். வெறும் தரையில் வைத்தால் எறும்பு ஏறும். குட்டையான ஸ்டாண்டில் வைத்து, நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் கொடுத்துவிடுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் எறும்பு மருந்து எதையும் தூவக் கூடாது.

குட்டிக்கு 25, 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி போதும். கண்ணாடித் தொட்டியைவிட இதில் ஈரப்பதமும் வெப்பமும் நிலையாக நிற்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மறைவிடம் வைப்பது கட்டாயம், குட்டி உள்ளே போனால் உடம்பு சுவரில் உரச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மறைவிடம் இருந்தால் சூடாக இருந்தாலும் குளிராக இருந்தாலும் குட்டி அங்கேயே கிடக்கும். அதற்கு ஒளிவதுதான் முதலில், வெப்பம் அப்புறம்.

ஹீட் மேட்டுக்கு வருவோம். பெட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்கை மறைக்கும் அளவு, 7 வாட். நம் ஊருக்கு அதற்கு மேல் தேவைப்படவே இல்லை. பெட்டிக்கு வெளியே, அடியில் வைத்து, மேட்டுக்குக் கீழே காற்றுப் போக அரை அங்குல இடைவெளி விடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட விடாதீர்கள். கோடையில் கட்டுப்பாடில்லாமல் விட்ட மேட் வயிற்றுச் செதிலைச் சுட்டுவிடும். தரை சுடுகிறது என்று பாம்பு உடனே விலகிப் போகும் என்ற நம்பிக்கை தவறு, புண்ணாகும் வரை அதன் மேலேயே படுத்திருக்கும்.

தெர்மோஸ்டாட்டில் எஸ்.டி.சி-1000 எளிதாகக் கிடைக்கிறது, உழைக்கவும் செய்கிறது. அதில் வயர் மாட்டும் திருகுகளில் 1, 2 மின்சாரத்துக்கு, 3, 4 சென்சாருக்கு, 5, 6 சூடேற்றுவதற்கு, 7, 8 குளிரூட்டுவதற்கு. 5, 6 வெறும் சுவிட்ச் மாதிரிதான், அதிலிருந்து தானாக மின்சாரம் வராது. ஃபேஸ் வயரை 1லிருந்து 5க்கு ஒரு துண்டு வயரால் எடுத்துக் கொடுத்து, 6லிருந்து மேட்டுக்குப் போக வேண்டும். இது தெரியாமல் கருவி பழுது என்று திருப்பி அனுப்புபவர்கள் நிறைய. வயரிங் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மூடிய பெட்டிக்குள் பொருத்தி வாங்குங்கள். அமைப்புகளில் எஃப்1 (வேண்டிய வெப்பநிலை) 32, எஃப்2 (எத்தனை டிகிரி இறங்கினால் மீண்டும் எரிய வேண்டும்) 0.5. எஃப்3 குளிர்ச்சி பக்கத்துக்கான தாமதம், இங்கே அதைத் தொட வேண்டாம். எஃப்4 அளவுத் திருத்தம்.

சென்சார் முனையை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. பெட்டிக்குள் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. குட்டி அதைப் புரட்டித் தள்ளும், தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து நனையும். நனைந்த முனை குளிர் என்று காட்டும், மேட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். எங்கள் தீர்ப்பு தெளிவு: முனை வெளியே, மேட்டுக்கும் பெட்டித் தரைக்கும் நடுவில், அலுமினிய டேப்பால் ஒட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் தடிமனால் உள்ளே ஒன்றிரண்டு டிகிரி குறைவாக வரும், அதற்கேற்ப எஃப்1ஐ மெல்ல மெல்ல ஏற்றிக்கொள்ளலாம். பெட்டிக்கு உள்ளே எந்த டேப்பும் கூடாது. ஒட்டிக்கொண்டால் பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வரும். அடைமழை மாதங்களில் டேப்பின் பசை விடும், மாதம் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். முனை நழுவித் தொங்கினால் விளைவு நனைந்த முனையைப் போலத்தான்.

நெடுநாள் ஓட்டத்தில் கருவி கெடும் விதம் ஒன்று உண்டு. உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலே தேய்ந்து, எரியும் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்ப்செட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும் கிராமங்களில் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். மலிவான இன்னொரு தெர்மோஸ்டாட்டைத் தொடராக இணைத்து 35ல் வைத்துவிடுங்கள். முதல் ரிலே ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது துண்டித்துவிடும். சேர்த்து வைத்த காசில் எதையாவது கூடுதலாக வாங்குவதென்றால் இதைத்தான் வாங்கச் சொல்வோம்.

அளக்க, சுவரில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டர் பயன்படாது. அது அளப்பது காற்றை, குட்டியின் வயிறு படுவது தரையில். முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, கூடவே துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று. விரிப்பை விலக்கி வெறும் தரையில் அளக்க வேண்டும், ஏனென்றால் குட்டி தோண்டிக்கொண்டு அங்கேதான் போகும். வாங்கியதும் முனையை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் விட்டுப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். ஈரப்பதமானிக்குச் சோதனை: பாட்டில் மூடியில் உப்பை ஈரமாகக் குழைத்து, இரண்டையும் ஜிப் பையில் போட்டு ஒரு ராத்திரி மூடி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும்.

இனி கோடை. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் ஒரு மணியிலிருந்து ஐந்து வரைதான் சோதனை நேரம். மின்விசிறி காற்று நமக்குக் குளிர்வது வேர்வையால்; பாம்புக்கு வேர்வை கிடையாது. 35 டிகிரி அறைக் காற்றைப் பெட்டி மேல் அடித்தால் பெட்டியும் 35தான் ஆகும். ஈரத்துணியைப் பெட்டியின் ஒரு பக்கம் போர்த்தி விசிறியை வைத்தால் பலன் உண்டு, ஆனால் தஞ்சாவூர் உள்பக்கத்து வறண்ட மத்தியானத்தில் கிடைக்கும் அளவு நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரையில் கிடைக்காது. காற்றிலேயே ஈரம் இருக்கும்போது துணி காயாது.

இந்தப் பகுதியில் சிறப்பாக வேலை செய்தது மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டி. மீன் மார்க்கெட்டில் கிடைக்கும். கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்து நாற்றம் போக்கி, குட்டியின் பெட்டியை அதற்குள் இறக்குங்கள். முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி உறைய வைத்த 1 லிட்டர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, குளிர்ந்த பக்கத்துச் சுவருக்கு வெளியே, அடியில் ஒரு தட்டு வைத்து நிறுத்துங்கள். தெர்மோகோல் மூடியை இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள். அடுத்த பாட்டில் ஃப்ரீசரில் தயாராக இருக்கட்டும். குளிர்ந்த பக்கம் 28ல் நின்றால் போதும், 22க்குத் தள்ள வேண்டாம். பாட்டிலைக் குட்டியின் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. ஏசி உள்ள வீட்டில் 27ல் ஓடவிட்டுக் காற்று நேராகப் படாமல் பார்த்தால் இத்தனை பாடும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதை மாறுகிறது. ஈரப்பதம் தானாகவே 85, 90க்குப் போகும், தண்ணீர் தெளிக்கத் தேவையே இல்லை. ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் மூச்சுத்தொற்று வரும்: மூக்கில் குமிழி, வாயைத் திறந்தபடி தலை தூக்கி மூச்சுவிடுவது, விசில் போன்ற சத்தம். கண்டால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும், வீட்டு வைத்தியம் வேண்டாம். இந்த மாதங்களில் தேங்காய் நார்க்கழிவு விரிப்பை எடுத்துவிட்டுச் செய்தித்தாள் போடுங்கள். நார்க்கழிவு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மலிவுதான், ஆனால் மழையில் பூஞ்சை பிடிக்கும். மற்ற மாதங்களில் பயன்படுத்துவதானாலும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடுத்து, மேட் இருக்கும் பக்கத்தில் ஒரு விரற்கடைக்கு மேல் நிரப்பாமல் வையுங்கள். தடிமனாகப் போட்டால் அடியில் சூடு தேங்கும்.

மார்கழி, தை விடியலில் வெளியே 20 வரை இறங்கும். பெட்டியைப் பழைய போர்வையால் மூன்று பக்கம் சுற்றினாலே 7 வாட் மேட் தாக்குப்பிடிக்கும். பல்பு எரிக்க வேண்டாம், ஈரத்தை உறிஞ்சிவிடும்.

மின்தடைக்கும் இரைக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் நிறுத்தும் நாள் செய்தித்தாளில் முன்கூட்டியே வரும். மழை, பனி மாதங்களில் அதற்கு முந்தைய இரண்டு நாள் எலி கொடுக்காதீர்கள். வயிற்றில் இரை இருக்கும்போது சூடு குறைந்தால் செரிக்காமல் அழுகி, கக்கிவிடும். கக்கிய குட்டிக்கு 10 முதல் 14 நாள் இரை தராமல் விட்டு, பிறகு சிறிய எலியாகத் தொடங்க வேண்டும். வெறும் வயிற்றோடு ஒரு ராத்திரி 22ல் இருப்பது ஆரோக்கியமான குட்டிக்குப் பெரிய கேடில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது எத்தனையோ ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் இரையை நிறுத்திவிட்டு, தெர்மோகோல் பெட்டியையும் வெந்நீர் பாட்டிலையும் எடுத்து வையுங்கள். அதே முறைதான், ஐஸுக்குப் பதில் 40 டிகிரி வெந்நீர்.

குட்டியின் நடத்தையும் ஓர் அளவுகோல். எந்நேரமும் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தால் பெட்டி சூடு என்று பாருங்கள், சூடு சரியாக இருந்தால் செதிலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சூடான பக்கத்தை விட்டு நகரவே இல்லையென்றால் மறுபக்கம் அதிகக் குளிர். வயிற்றில் இளஞ்சிவப்புத் திட்டோ, கசியும் செதிலோ தெரிந்தால் மேட்டை உடனே அணைத்துவிட்டு முனை இருக்கும் இடத்தைச் சோதியுங்கள்.

வாங்கும்போதே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பால் பைத்தான், அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ள இனம். ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும், விற்பவரிடம் அதற்கான ஆவணம் இல்லையென்றால் வாங்காதீர்கள். வயலிலோ கொல்லையிலோ அகப்படும் நம்மூர் மலைப்பாம்புக் குட்டிக்கு இந்த ஏற்பாடு எதுவும் பொருந்தாது. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.