கொடைக்கானல் ஜாக்கெட் பின்லாந்துக்குத் தாங்குமா?

ஜனவரி செமஸ்டருக்கு பின்லாந்து கிளம்பும் பிள்ளைகளுக்காக மதுரைக் கடைகளில் 'ஸ்னோ ஜாக்கெட்' என்று எடுத்துப் போடுவதில் பெரும்பாலானவை கொடைக்கானல் குளிருக்குத்தான் சரிவரும். கொடைக்கானலில் ராத்திரி 8 டிகிரிக்கே பல் கிட்டிப்போகிறது. பின்லாந்தின் ஓவுலு நகரத்தில் ஜனவரியில் மைனஸ் 10 சர்வ சாதாரணம். மைனஸ் 25-ம் வரும்.

ரெக்ஸின் ஜாக்கெட்டைத் தொடவே வேண்டாம். கையில் கனமாக இருப்பதால் கதகதப்பாக இருக்கும் என்று தோன்றும். கடுங்குளிரில் அதன் மேல்பூச்சு விறைத்துப்போய், முழங்கை மடிப்பில் வெடித்துவிடும்.

பாலியஸ்டர் பஞ்சு வைத்த ஜாக்கெட்டில் நல்லதும் உண்டு, கழிசடையும் உண்டு. கடையிலேயே சோதித்துவிடலாம். துணியை வாயோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட்டால், பனிக்காற்றும் அதே வழியில் நுழையும். ஒரு கைப்பிடி அமுக்கி விட்டால் பஞ்சு உடனே உப்ப வேண்டும். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: தையல் ஓரத்தில் பஞ்சு இல்லாத திட்டுகள் தெரிந்தால் குளிர் அங்கேதான் முதலில் இறங்கும். ஜிப்புக்குப் பின்னால் துணிப்பட்டி அவசியம். நீளம் தொடை வரை வேண்டும், இடுப்போடு நின்றால் போதாது.

சைஸில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சட்டைக்கு மேல் கச்சிதமாக இருக்கிறது என்று வாங்கி, அங்கே போய் உள்ளே ஸ்வெட்டர் போட்டதும் பஞ்சு நசுங்கிவிடும். சூட்டைப் பிடித்து வைப்பது பஞ்சுக்குள் நிற்கும் காற்றுதான்; பஞ்சு நசுங்கினால் காற்றுக்கு இடம் ஏது? வேர்த்தாலும் பரவாயில்லை, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.

தெர்மல், அதாவது உடம்போடு ஒட்டி உள்ளே போடும் குளிர் உடுப்பை, லேபிளைப் படித்து வாங்குங்கள். காட்டன் தெர்மல் ரூமில் படுக்க நன்றாக இருக்கும், வெளியே போட்டுப் போகக்கூடாது. வேகமாக நடந்தால் வரும் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் நின்றதும் ஈரத்துணியாக முதுகில் ஒட்டும். பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி கலந்தது இரண்டு செட் போதும். ஹீட்டர் ஓடும் அறைக்காற்று வறண்டது, துவைத்துப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும்.

பூட்ஸ் இங்கே வாங்காதீர்கள். பி.வி.சி. அடிப்பாகம் குளிரில் கல்லாக இறுகி, ஐஸில் வழுக்கும். அங்கே 'கிர்ப்புத்தோரி' என்ற செகண்ட் ஹேண்ட் கடைகளில் நல்ல பனி பூட்ஸ் கிடைக்கும். கம்பளி சாக்ஸுக்காக ஒரு சைஸ் பெரிதாக எடுக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும்.

இங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தகுந்தது மங்கி குல்லாதான். காது, தாடை, கழுத்து மூன்றையும் சேர்த்து மூடும். கூச்சப்படாமல் இரண்டு எடுத்து வையுங்கள்.

ஜாக்கெட் கறுப்பு என்றால் குன்னத்தூர் சத்திரத்துத் தையற்கடையில் கொடுத்து, இரண்டு கையிலும் வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டர் நாடா வைத்துத் தைத்துவிடுங்கள். ஜனவரித் தொடக்கத்தில் ஓவுலுவில் மதியம் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டில் நடந்து போகிறவர் ரிஃப்ளெக்டர் அணிய வேண்டும் என்று அந்த நாட்டுப் போக்குவரத்துச் சட்டமே சொல்கிறது.