பச்சோந்தியின் எலும்புக்குக் காவல் விளக்கா, பொடியா?

வீட்டில் வளரும் பச்சோந்தியின் எலும்பு கெடாமல் இருக்க இரண்டு வழிகள் சொல்வார்கள். ஒன்று, கூண்டின் மேல் யூவி-பி என்ற புற ஊதாக் கதிரைத் தரும் நல்ல விளக்கு. மற்றொன்று, வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியைப் பூச்சிகள்மேல் தூவிக் கொடுப்பது. பொடி மலிவு, வேலையும் குறைவு. அதனால் 'பொடி போட்டாலே போதும்' என்ற பேச்சு சீக்கிரம் பரவிவிடுகிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டி3-க்கு விளக்கை நம்புங்கள், கால்சியத்துக்குப் பொடியை நம்புங்கள். ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஏன் என்று புரிய உடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் எவ்வளவு கால்சியம் போனாலும், டி3 இல்லாமல் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. வெயிலில் இருக்கும் யூவி-பி கதிர், குறிப்பாக 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான பகுதி, தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளை டி3-யின் முன்வடிவமாக மாற்றுகிறது. உடல் சூட்டில் அது டி3 ஆகிறது. பிறகு ஈரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் இரத்தத்தில் கால்சியம் இறங்கும். தசை இயங்கவும் இதயம் துடிக்கவும் கால்சியம் தேவை என்பதால் பாராதைராய்டு சுரப்பி சும்மா இருக்காது, எலும்பைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்பும். எலும்பு இழந்த இடத்தை நார்த்திசு நிரப்பும். அதனால்தான் நோய் முற்றிய சில பச்சோந்திகளின் கால்கள் மெலியாமல், உருண்டு திரண்டு 'நல்லா வளர்ந்திருக்கே' என்று சொல்லும்படி இருக்கும். மெட்டபாலிக் போன் டிசீஸ், சுருக்கமாக எம்பிடி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

தோலில் உருவாகும் டி3, வாய்வழி டி3

இரண்டும் ஒரே பொருள்தான். ஆனால் கட்டுப்பாடு யார் கையில் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. தோலில் முன்வடிவம் தேவைக்குமேல் சேர்ந்தால் அதே கதிர் அதைப் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடும். வெளிச்சத்தால் டி3 நஞ்சாகும் அளவுக்கு ஏறாது. வாய்வழியாகப் போவதற்கு அப்படி ஒரு தடுப்பு கிடையாது. நீங்கள் தூவிய அளவு, பூச்சியில் ஒட்டிய அளவு, அது தின்ற பூச்சிகளின் எண்ணிக்கை, எல்லாம் சேர்ந்து எவ்வளவு போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்தால் எலும்பு கரையும். கூடினால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் கால்சியம் படியும். எலும்பு நோயைத் தடுக்கப் போய் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளும் கதை இது.

பச்சோந்தி இந்தக் கணக்கைத் தானே போடும் என்பதுதான் எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகவும் பிடித்த விஷயம். மடகாஸ்கரைச் சேர்ந்த பேந்தர் பச்சோந்திகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. உணவில் டி3 குறைவாகப் பெற்றவை யூவி அதிகமுள்ள இடத்தைத் தேடிப் போயின, போதிய அளவு பெற்றவை அதைக் குறைத்துக்கொண்டன. ஆகவே விளக்கும் அதன் கீழே இலை நிழலும் இருந்தால், எவ்வளவு வேண்டும் என்பதை விலங்கே முடிவு செய்யும். பொடியில் அந்த உரிமை அதற்கு இல்லை.

ஆனால் விளக்கை மட்டும் வைத்துக் கால்சியத்தை விட்டுவிட்டால்? அதுவும் நடக்காது. டி3 கதவைத் திறக்கும், உள்ளே வரக் கால்சியம் இருக்க வேண்டும்.

விளக்குகளுக்குள் போட்டி

வெயிலை மிஞ்சிய விளக்கு இல்லை. வலைக்கூண்டில், நிழல் பகுதியும் தண்ணீரும் வைத்து, பக்கத்திலேயே ஆள் இருந்து, காலை வெயில் காட்டினால் நல்லது. கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைக்கக் கூடாது. கண்ணாடி யூவி-பி-யைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே பிடித்துவைக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயிலால் எலும்புக்குப் பயனில்லை என்பதும் இதனால்தான். தினமும் வெயில் காட்ட எல்லாராலும் முடியாது. எனவே அன்றாடத்துக்கு விளக்கு வேண்டும்.

நான் யோசிக்காமல் கைகாட்டுவது டி5 எச்ஓ எனப்படும் மெல்லிய, வீரியம் கூடிய நீளக் குழல் விளக்கை, அதிலும் யூவி-பி அளவு 5.0 அல்லது 6 சதவீதம் என்று குறித்திருப்பதை. கூண்டின் அகலம் முழுக்க வெளிச்சம் பரவுவதால் பச்சோந்தி ஒரே புள்ளியில் போய் உட்கார வேண்டியதில்லை. அது வெயில் காயும் கிளையில் யூவி இண்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் வீரியத்தைக் காட்டும் எண், 3 அளவில் இருந்து, கீழே போகப் போகக் குறைந்து, இலைகளுக்குள் பூஜ்யத்தை நெருங்க வேண்டும். வலைமேல் வைத்த டி5 குழலுக்குக் கீழே ஏறத்தாழ 20 முதல் 23 சென்டிமீட்டரில், விலங்கின் முதுகு இருக்கும் உயரத்தில், இந்த அளவு கிடைக்கும். வலையே மூன்றில் ஒரு பங்கு கதிரை விழுங்கிவிடலாம் என்பதால் இந்தக் கணக்கை விளக்குப் பெட்டியின் அட்டையில் தேட வேண்டாம். சோலார்மீட்டர் 6.5 போன்ற யூவி அளவியை யாரிடமாவது கடன் வாங்கியாவது ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

சுருள் வடிவ காம்பாக்ட் பல்ப் இதற்கு நேர் எதிர். சாதாரண ஹோல்டரில் மாட்டலாம், இடம் அடைக்காது. ஆனால் கதிர் ஒரு சின்ன வட்டத்தில்தான் விழும், தூரம் கொஞ்சம் கூடினாலே சட்டென்று இறங்கும். சிறிய பெட்டியில் குஞ்சு வைத்திருக்கும்போது தற்காலிகமாகச் சமாளிக்கலாம், உயரமான கூண்டுக்குப் போதாது. ஆரம்பகாலத்தில் வந்த சில மாதிரிகள் கண்ணைப் பாதித்ததும் உண்டு.

மெர்க்குரி வேப்பர் பல்ப் சூடும் யூவி-பி-யும் சேர்த்துத் தருகிறது என்பதால் கவர்ச்சியாகத் தெரியும். அதன் குறையும் அதுவேதான். சூட்டைக் குறைக்க டிம்மர் போட முடியாது, தூக்கி வைத்தால் யூவி-பி-யும் குறைந்துவிடும். பெரிய பாலைவன ஓந்திகளுக்கு வேண்டுமானால் பொருந்தும். மேலேறி விளக்கை ஒட்டிப் படுக்கும் பச்சோந்திக்கு முதுகில் தீக்காயம் ஏற்பட அது போதும். செடிக்கென்று விற்கும் எல்இடி விளக்குகள் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அவற்றில் யூவி-பி கிடையாது. அது பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

எந்த விளக்கானாலும் ஒரு பொறி உண்டு. வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவி-பி மட்டும் தேய்ந்துபோகும். அளவி இல்லாதவர்கள் டி5 குழலை ஆண்டுக்கு ஒருமுறையும் காம்பாக்டை 6 மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றுவது வழக்கம். மாட்டிய தேதியைக் குழலின் முனையிலேயே எழுதிவைத்துவிடுங்கள்.

எந்தப் பொடி, எவ்வளவு

டி3 இல்லாத வெறும் கால்சியம் கார்பனேட், டி3 சேர்த்த கால்சியம், பலவகை வைட்டமின் கலவை என்று மூன்று டப்பாக்கள் கிடைக்கும். விளக்கு சரியாக இருந்தால் முதலாவதுதான் அன்றாடப் பொடி. ஒவ்வொரு வேளைப் பூச்சியிலும் மெல்லிசாக, பூச்சி வெளுத்துத் தெரியாத அளவுக்குத் தூவினால் போதும். டி3-யும் வைட்டமினும் உள்ளது மாதம் இருமுறை. ஏமனிலும் சவூதியிலும் காணப்படும், கடைகளில் வெய்ல்டு என்று விற்கும் இனத்துக்கும் பேந்தருக்கும் இது ஒத்துவரும். கென்யா, தான்சானியா மலைகளைச் சேர்ந்த ஜாக்சன் பச்சோந்திக்கு இன்னும் குறைக்க வேண்டும். அதற்கு வைட்டமின் கூடினால் கழுத்துப் பகுதி நீர்கோத்து வீங்கிவிடும் என்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

டி3 பொடியையே தினமும் போட்டு விளக்கைத் தவிர்ப்பது என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமான வழி. வைட்டமின் ஏ-யும் கவனிக்க வேண்டியது. குறைந்தால் கண்ணும் வாயும் கெடும், மிஞ்சினால் டி3-யின் வேலைக்குக் குறுக்கே நிற்கும். அப்புறம், திறந்த டப்பாவில் வைட்டமின்கள் நாளாக ஆக வீரியம் இழக்கும். பெரிய டப்பா மலிவு என்று வாங்கி இரண்டு ஆண்டு வைத்துக்கொள்வதில் லாபம் இல்லை.

இரையின் பங்கு

கிரிக்கெட் பூச்சியில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். நமக்கு வேண்டியதோ கால்சியம் பாஸ்பரஸைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. மிஞ்சிய பாஸ்பரஸ் கால்சியத்தை உடலில் சேரவிடாது. துபியா கரப்பான் கிரிக்கெட்டைவிடக் கொஞ்சம் மேல், ஆனாலும் போதாது. மீல்வார்ம் புழு இந்தக் கணக்கில் கடைசி வரிசை. வழக்கமான இரைகளில் கருப்பு சிப்பாய் ஈயின் புழு ஒன்றுதான் தூவாமலேயே தேவையான விகிதத்தை எட்டுகிறது. ஆனால் அதன் தோல் தடிப்பு, மெல்லாமல் விழுங்கினால் செரிக்காமல் அப்படியே வெளியேறுவதும் உண்டு. எனவே அதைப் பொடிக்கு மாற்றாக வைக்காமல், கிரிக்கெட்டுடனும் கரப்பானுடனும் மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் சரி.

பூச்சிக்குக் கொடுக்கும் தீனியும் பச்சோந்திக்குள் போகிறது. கால்சியம் நிறைந்த இலைகளைப் பூச்சிகளுக்கு முந்தின நாள் தின்னக் கொடுங்கள். பாலக் கீரையில் ஆக்சலேட் அதிகம் என்பதால் அதைத் தவிர்க்கலாம். தூவிய பொடியைக் கிரிக்கெட்டுகள் தாங்களே துடைத்துக்கொள்ளும். காலையில் தூவி மாலை வரை கூண்டில் திரிய விட்டால் விலங்குக்குக் கிடைப்பது வெறும் பூச்சிதான்.

எம்பிடியா, வேறு ஏதாவதா?

அறிகுறிகளை அடையாளம் காண்பதிலும் இதே போட்டி இருக்கிறது. ஒன்றைப்போல மற்றொன்று தோன்றும். பச்சோந்தி காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் ஆடி நடப்பது அதன் இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓய்வாக இருக்கும்போது விரல்களும் கால்களும் துடிப்பது வேறு. அது கால்சியம் மிகவும் இறங்கிவிட்டதைக் காட்டும், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை.

அதற்கு முன்னால் வருபவை நுட்பமானவை. கிளையைப் பிடிக்கும் பிடி தளரும், ஏறும்போது நழுவும், நடக்கும்போது வயிற்றைத் தூக்க முடியாமல் தரையில் இழுக்கும். நாக்கு முன்போல் தூரம் போகாது. அடுத்து, மூட்டே இல்லாத இடத்தில் முன்கால் வளையும், தாடை ரப்பர்போல நெகிழும், வாய் சரியாக மூடாது. வெய்ல்டு இனத்தில் தலைக் கொண்டை ஒரு பக்கமாகச் சாயலாம்.

இவற்றில் நாக்குப் பிரச்சினை மட்டும் தனியாக வந்தால் வாய்ப்புண், காயம், வைட்டமின் ஏ குறைவு ஆகியவற்றையும் நினைக்க வேண்டும். ஒரே ஒரு கால் வீங்கினால் அடி அல்லது கிருமித்தொற்று இருக்கலாம். மூட்டுகளில் கட்டிகள்போல வீங்கி வலித்தால் யூரிக் அமிலம் படியும் கவுட் இருக்கலாம். கண் குழிந்திருந்தால் முதலில் நீர்ச்சத்தைப் பாருங்கள். எம்பிடி பெரும்பாலும் ஒரு காலோடு நிற்காது. வயதான விலங்கில் விளக்கும் பொடியும் சரியாக இருந்தும் எலும்பு மெலிகிறது என்றால் சிறுநீரகம் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு.

உறுதி செய்ய எக்ஸ்ரேதான் நல்லது. இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பினால் ஏமாறலாம். எலும்பைக் கரைத்தே இரத்தத்தின் கால்சியம் சரிக்கட்டப்படுவதால் முடிவு சரியாக இருப்பதுபோலத் தெரியும்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், வேகமாக வளரும் குஞ்சுகளுக்கும் முட்டையிடும் பெண்களுக்கும். வெய்ல்டு பெண் ஆண் துணை இல்லாமலே முட்டையிடும், ஒரே தடவையில் பல டஜன் வரை. முட்டை ஓட்டுக்கும், முட்டையை வெளியே தள்ளும் தசைக்கும் கால்சியம் வேண்டும். அளவுக்கு மீறித் தீனி கொடுத்தால் முட்டையின் எண்ணிக்கையும் கூடும் என்பதால், வளர்ந்த பெண்ணுக்கு இரையைக் குறைப்பதும் எலும்பைக் காப்பாற்றும் வழிதான்.

வீட்டு வைத்தியமா, மருத்துவரா

அறிகுறி தெரிந்ததும் பொடியை இரட்டிப்பாக்கத்தான் கை போகும். ஆரம்ப நிலையில் விளக்கை மாற்றுவதும், வெயில் காயும் கிளையின் சூட்டைச் சரிபார்ப்பதும் (வெய்ல்டு ஆணுக்கு 29 முதல் 32 டிகிரி செல்சியஸ்) உண்மையான மாற்றத்தைத் தரும். ஆனால் கால் வளைந்த பிறகு, இரை பிடிக்க முடியாத பிறகு, அளவு தெரிந்து திரவக் கால்சியம் கொடுக்க ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் வேண்டும். துடிப்பு இருந்தால் ஊசியாகவும் போடுவார்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, கிராம் காட்டும் தராசு இல்லாமல் யாரும் அதை ஊகிக்கக் கூடாது.

குணமாகும் காலத்தில் கிளைகளைத் தாழ்வாகவும் நெருக்கமாகவும் கட்டி, அடியில் மெத்தென்று ஏதாவது விரித்து வையுங்கள். மெலிந்த எலும்பு சின்ன வீழ்ச்சியிலும் ஒடியும். கிளையிலிருந்து இழுத்துப் பிடுங்காமல், உள்ளங்கையை முன்னால் நீட்டி அதுவாக ஏற விடுங்கள். இரையைக் கிண்ணத்தில் வைத்து அருகில் நீட்டினால் நாக்கு தளர்ந்திருந்தாலும் தின்னும். சில வாரங்களில் பிடி திரும்பிவிடும், எலும்பும் கெட்டிப்படும். வளைந்த கால் மட்டும் பெரும்பாலும் வளைந்தே இருக்கும். அந்தக் காலோடும் பல பச்சோந்திகள் நன்றாக ஏறி, இரை பிடித்து, ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன.