ஊர்வல வேகத்தில் பாட்டு நிற்கக் கூடாது: பெரிய ஆல்டர்னேட்டர் போட்டு மூன்றரை வருடம்

2020 தைப்பூசத்தன்று எங்கள் கோயில் ரதத்துக்கு முன்னால் பாட்டு வண்டியாகப் போனது என் டொயோட்டா ஹைலக்ஸ். 2008 மாடல், 2.7 பெட்ரோல். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்த மாதிரி பின்னால் தொட்டி வைத்த பிக்கப் வண்டியைப் பக்கி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பின் தொட்டியில் நான்கு கொம்பு ஸ்பீக்கர், அடித்தொனிக்கான இரண்டு 12 அங்குல சப்வூஃபர், இரண்டு ஆம்ப்ளிஃபயர், எல்லாம் சேர்த்து 2000 வாட்.

ஊர்வலம் கிளம்பி ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியில் மேடும் பள்ளமும்தான் ரோடு. ஒரு மேட்டில் ஏறும்போது முதலில் சப்வூஃபர் கரகரத்தது. அப்புறம் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு நின்றது. இரண்டு நிமிஷத்தில் எஞ்சினும் நின்றுவிட்டது. பிப்ரவரி வெயிலில், கொதிக்கும் தாரில், காவடி எடுத்தவர்கள் வெறுங்காலோடு நின்றார்கள். ஆறேழு பேர் சேர்ந்து பக்கியை ஓரமாகத் தள்ளினார்கள்.

நான் தூத்துக்குடியிலிருந்து 2009-இல் இங்கே வந்தவன். இந்த ஊர்த் தமிழர்களின் முன்னோர்கள் 1860-இலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள். இன்றைக்குப் பேரன் பேத்திகளில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் முருகன் பாட்டு வரும். ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படித்தாவது அடி பிசகாமல் பாடுவார்கள். பாட்டு வண்டி நின்றால் அந்த வரிசையே தடுமாறுகிறது, அரோகரா சத்தம் குறைகிறது. அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன். இந்த வேலையில் நான் இறங்கியதற்கு அதுதான் காரணம்.

பேட்டரி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சோதித்துப் பார்த்தால் பேட்டரி நன்றாகவே இருந்தது. பிறகு ஒயரைக் கவ்வி கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, வீட்டு வாசலில் வண்டியை ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டு அளந்தேன். சினிமாப் பாட்டு போட்டால் ஆம்ப்ளிஃபயர்கள் சராசரியாக 45 ஆம்பியர் இழுத்தன. உறுமி மேளம் போட்டால் 62. உறுமியில் அடி இடைவிடாமல் விழுந்துகொண்டே இருக்கும், சப்வூஃபருக்கு மூச்சு விட நேரமில்லை. வண்டியின் சொந்தத் தேவை, அதாவது பெட்ரோல் பம்ப், இக்னிஷன், ஹெட்லைட், ஏசி எல்லாம் சேர்த்து 28. மொத்தம் 90. எஞ்சின் சுழற்சியில் கரண்ட் தயாரித்துத் தருவது ஆல்டர்னேட்டர். அதன் தகட்டில் 80 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பத்துதானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் ஐடிலில் அது தந்தது வெறும் 42.

மீதி 48-ஐயும் பேட்டரிதான் கொடுத்திருக்கிறது. அது 65 ஆம்பியர் அவர் பேட்டரி. வகுத்துப் பாருங்கள், ஊர்வலம் எவ்வளவு நேரத்தில் நின்றதோ அதே கணக்கு வரும்.

சாட்ஸ்வொர்த்தில் நாற்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். அவரிடம் போய், "அண்ணா, 200 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டேன். "தம்பி, பெரிய நம்பரை விடு. உன் வண்டி ஊர்வலத்துல நடக்கிற வேகத்துலதான போகுது? அந்த வேகத்துல எவ்வளவு தரும்னு கேளு" என்றார்.

இதை அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர், ஆல்டர்னேட்டர் வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. என் எஞ்சின் ஐடிலில் நிமிஷத்துக்கு 750 சுற்று. பெல்ட்டை இழுக்கும் எஞ்சின் பக்கத்துச் சக்கரம், அதாவது கிராங்க் புல்லி, 150 மில்லிமீட்டர், ஆல்டர்னேட்டர் புல்லி 60. அதாவது ஆல்டர்னேட்டர் இரண்டரை மடங்கு வேகத்தில், நிமிஷத்துக்கு 1875 சுற்றுதான் சுற்றுகிறது. அந்த வேகத்தில் சாதாரண ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் பாதியைத் தந்தாலே பெரிது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. சிக்னலில் நின்று பாட்டுக் கேட்கிறவருக்கும் எங்களைப் போல ஊர்ந்து போகிறவர்களுக்கும் இதுதான் முழுப் பிரச்சினை.

ஆனாலும் விலையைப் பார்த்து முதலில் ஒன்று வாங்கினேன். 220 ஆம்பியர் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. மாட்டி அளந்தால் ஐடிலில் 38. பழையதைவிடக் குறைவு! மேல் வேகத்துக்காகக் காயிலைச் சுற்றினால் கீழ் வேகத்தில் இப்படி ஆகும் என்று அண்ணா விளக்கினார். ஐந்தாவது வாரம் டயோடு எரிந்து அதுவும் போனது. அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

2021 நவம்பரில் போட்டதுதான் இப்போது ஓடுவது. 180 ஆம்பியர். உள்ளே வட்டக் கம்பிக்குப் பதில் தட்டையான செப்புப் பட்டையை மடித்துச் செருகியிருப்பார்கள், ஹேர்பின் என்று சொல்வது. வட்டக் கம்பிகளை நெருக்கி வைத்தாலும் நடுவில் சந்து இருக்கும். பட்டை அந்த இடத்தையும் நிரப்பிவிடுகிறது. அதே அளவு கூட்டில் செம்பு அதிகம், தடை குறைவு, சூடும் குறைவு. வாங்குவதற்கு முன் அண்ணா அதைச் சோதனை மேசையில் போட்டு, 1800 சுற்றில் எவ்வளவு தருகிறது என்று என் கண் முன்னாலேயே அளந்து காட்டினார். அப்படிக் காட்டாத கடையில் இனி நான் வாங்க மாட்டேன்.

புல்லியையும் 60-இலிருந்து 54-க்கு மாற்றினோம். ஐடிலில் ஆல்டர்னேட்டர் வேகம் ஏறக்குறைய 2080 ஆனது. இதில் கவனம் வேண்டும். சின்ன புல்லியில் பெல்ட் பிடிக்கும் இடம் குறையும், வழுக்கும். எஞ்சினை முழுக்க முறுக்கினால் ஆல்டர்னேட்டர் வேகம் எங்கே போய் நிற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கணக்கில் 5500 சுற்றுக்கு 15,300 வருகிறது, இந்த ஆல்டர்னேட்டர் தாங்கும். எல்லாம் முடிந்து ஐடிலில் அளந்தபோது மீட்டரில் 96 வந்தது. எஞ்சின் குளிர்ச்சியாக இருந்தபோது.

சூடானால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலரும் சொல்வதில்லை. டர்பன் கோடையில் நாற்பது நிமிஷம் ஊர்ந்து போன பிறகு அதே 96 இறங்கி 80-இல் வந்து நிற்கிறது. செம்பு சூடானால் தடை கூடும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சூட்டைப் பார்த்து வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்கும். அதனால் ஊர்வலத்தில் ஏசியையும் ஹெட்லைட்டையும் அணைத்துவிடுகிறேன். வண்டியின் தேவை 28-இலிருந்து 15-க்கு வந்துவிடுகிறது. உறுமிக்கு 62, ஆக 77. இருப்பது 80. இந்த மூன்று ஆம்பியர் மிச்சத்தில்தான் எங்கள் ஊர்வலம் ஓடுகிறது.

ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஒயரை அப்படியே விட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. ஒரு ராத்திரி பானெட்டைத் திறந்து வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் போல்ட்டிலும் மறு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தேன். உறுமி ஓடிக்கொண்டிருந்தது. 0.6 வோல்ட் காட்டியது. அவ்வளவும் அந்த ஒயரிலேயே வீணாகிறது. தொட்டுப் பார்த்தால் ஒயர் வெதுவெதுவென்று இருந்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸுக்கு, எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு என்று மூன்று இடத்திலும் 50 சதுர மில்லிமீட்டர் சுத்த செப்பு ஒயர் போட்டோம். மறுபடி அளந்தபோது 0.1. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் பாதி விலைக்குக் கிடைக்கும், அதே பருமனில் அது கடத்துவது செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய சார்ஜிங் லைனில் இருந்த ஃபியூஸ் 100 ஆம்பியர். புது ஒயருக்குத் தனியாக 200 ஆம்பியர் ஃபியூஸ். தொட்டியில் இரண்டாவதாக ஒரு ஏஜிஎம் பேட்டரி (மூடி சீல் செய்த வகை) இருக்கிறது. அதற்குப் போகும் நீள ஒயரில் இரண்டு முனையிலும் ஃபியூஸ் உண்டு, ஏனென்றால் இரண்டு பக்கமும் பேட்டரி. ஃபியூஸ் இல்லாமல் நடுவில் எங்காவது தகரத்தில் உரசினால் இரண்டு பக்கமிருந்தும் தீ வரும். இதில் யாரும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

கரண்ட்டைச் சேர்த்து வைத்துச் சட்டென்று தரும் கெப்பாசிட்டர் போட்டால் போதும், ஆல்டர்னேட்டர் எதற்கு என்று கேட்கிறவர்கள் நிறைய. ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்வரை தருவது 26 ஜூல். 1000 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு அது ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும். ஒரு உறுமி அடிக்கே பற்றாது.

செலவு: ஆல்டர்னேட்டர் 6,800 ரேண்ட், ஒயரும் ஃபியூஸும் 2,400, ஏஜிஎம் பேட்டரி 3,900, கூலி 1,500. எரிந்துபோன முதல் ஆல்டர்னேட்டர் இதில் சேரவில்லை. இன்ஷூரன்ஸ்காரரிடம் மாற்றத்தைச் சொல்லி எழுத்தில் வாங்கிவிட்டேன்.

இந்த மூன்றரை வருடத்தில் 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரிய ஆல்டர்னேட்டர் பெட்ரோலைக் குடிக்கும் என்று பயமுறுத்தினார்கள். தினசரி வேலைக்குப் போய் வருவதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கேட்கிற அளவு கரண்ட்டைத்தான் அது தயாரிக்கும், எஞ்சினுக்குச் சுமையும் அந்த அளவுதான். பாட்டு முழுச் சத்தத்தில் ஓடும்போது ஐடில் சற்று இறங்குவது தெரியும், அவ்வளவே. 2023-இல் மின்வெட்டு தலைவிரித்தாடியபோது பஜனைக் குழுவின் ஒத்திகை பல நாள் இந்தப் பக்கியின் ஏஜிஎம் பேட்டரியில்தான் நடந்தது.

தொந்தரவு இரண்டு. ஒன்று பெல்ட். மழைக்காலக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கீச்சென்று கத்தும். இரண்டு பெல்ட் மாற்றியாகிவிட்டது. முன்பு ஒரே பெல்ட் 80,000 ஓடியது. இரண்டாவது கடல் காற்று. நாங்கள் இருப்பது கடலிலிருந்து உள்ளே தள்ளித்தான், ஆனாலும் நான் வேலை பார்ப்பது துறைமுகத்தில். ஆறு மாதம் பார்க்காமல் விட்டதில் சேஸிஸ் போல்ட்டில் பச்சை பூத்துவிட்டது. வோல்டேஜ் மீட்டர் காரணமில்லாமல் ஆடியதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி, இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கம் ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. செய்யவே செய்யாதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி வண்டியின் கம்ப்யூட்டரே போய்விடும்.

இந்த 2025 தைப்பூசத்தில் ஊர்வலம் மூன்று மணி நேரம் பத்து நிமிஷம். டேஷ்போர்டில் ஒட்டிய சின்ன மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கிளம்பும்போது 14.3, அந்தப் பழைய மேட்டில் 13.5, கோயில் வாசலில் 13.4. பக்கவாட்டில் நடந்து வந்த பாட்டியம்மா கண்ணாடியைத் தட்டி, "தம்பி, இன்னும் கொஞ்சம் சத்தமா வை" என்றார். மீட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்தேன். வரும் சனிக்கிழமை உள்ளே உரசிக்கொண்டு கரண்ட்டைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷின் தேய்மானம் பார்க்க ஆல்டர்னேட்டரைக் கழற்றுகிறோம். அண்ணா புது பிரஷ் செட்டும் பேரிங்கும் எடுத்து வைத்திருக்கிறார்.