ஜிம்மில் மினரல் மாத்திரை விற்றால் வாங்காதீர்கள்: 6,800 ரூபாய் போச்சு

டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். 6,800 ரூபாய். வயிறு எரிகிறது.

எங்கள் ஏரியா ஜிம், உள்ளேயே ஒரு சப்ளிமெண்ட் கவுண்டர். சேர்ந்த புதிதில் தொடை வலி தாங்கவில்லை என்று கோச் தம்பியிடம் சொன்னேன். ஒரு ஆப்பிளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் மட்டும் எலுமிச்சை பிழிந்து வைத்தான். டிரெட்மில்லை விட்டு இறங்கி வந்து பார்த்தால் பிழியாத பாதி பழுப்பாகியிருந்தது. "அண்ணே, எக்சர்சைஸ் பண்றப்போ உங்க தசைக்குள்ளயும் இதான் நடக்குது. இந்த மினரல்தான் எலுமிச்சை" என்றான். அங்கேதான் விழுந்தேன். இரண்டு டப்பா, தலா 60 மாத்திரை, தினம் இரண்டு. நின்ற இடத்திலேயே பணம் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் குமட்டல், வாயில் இரும்பை நக்கின ருசி. "டாக்ஸின் வெளிய போகுதுண்ணே." ஏழாம் நாள் விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில்: ஒரு மாத்திரையில் ஜிங்க் 50 மி.கி. அப்படியென்றால் நாளுக்கு 100!

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்கில் ஆண்களுக்கு நாளுக்கு 17 மி.கி. போதும், 40ஐத் தாண்டக் கூடாது. ஜிங்க் மிஞ்சினால் குடல் செம்பை உள்ளே விடாதாம். ஆனால் பயிற்சியின்போது தசையில் உண்டாகிற ஆக்சிஜன் கழிவை (தம்பி ஆப்பிளில் காட்டிய பழுப்பு மாதிரி) அடக்குகிற எஸ்ஓடி என்ற நொதிக்குச் செம்பும் ஜிங்கும் இரண்டுமே வேண்டும். காவலுக்கு வந்தவன் வீட்டு நாயைக் கட்டிப்போட்ட கதை. போதாததற்கு, பயிற்சியில் அந்தக் கழிவு கொஞ்சம் உண்டானால்தான் தசை பழகிக்கொண்டு தேறுமாம். தொடை வலி? புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் வருவதுதான், தானாகப் போய்விடும் என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் கோச் தம்பி, "சீல் உடைச்சிட்டீங்களே." ஓனர், "கம்பெனிகிட்ட கேளுங்க." டப்பாவிலுள்ள நம்பர் சுவிட்ச் ஆஃப். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கோச் தம்பிக்கு நான் இப்போது 'அண்ணே' இல்லை, 'சார்'.

என்ன பார்த்து வாங்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம். என் டப்பாவில் 11தான். செலினியம் என்ற இன்னொரு மினரல் கலந்ததென்றால் இன்னும் உஷார், மிஞ்சினால் முடி கொட்டும். பில் கேளுங்கள், நான் கேட்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தாயிற்று.

ஒரு டப்பாவில் 46 மாத்திரை மிச்சம். இன்னொன்று சீலே உடைக்கவில்லை, அதையாவது எடுத்துக்கொண்டு 3,400 கொடுங்கள் என்றேன். அதற்கும் முடியாதாம்.