தனி வாசலா, பொது அணுகுசாலையா?

மாநில நெடுஞ்சாலையை ஒட்டி மனை வாங்கியவர் முதலில் கேட்பது நேரடி வாசல். செலவு குறைவு, சுற்றும் இல்லை. ஆனால் எல்லாத் திசைக்கும் திரும்பவிடும் ஒரு வாசல், மூன்று கிளைச் சந்திப்புக்குச் சமம்: வண்டிகளின் பாதைகள் பிரியும், சேரும், குறுக்கிடும் புள்ளிகள் மொத்தம் 9. அடுத்தடுத்து நான்கு வாசல்கள் வந்தால் 36. முன்னால் போகிற வண்டி எந்த வாசலுக்காகச் சைகை காட்டுகிறது என்று பின்னால் வருபவர் ஊகித்துக்கொண்டே வர வேண்டும். வாசலுக்கு அடியில் போதிய குழாய் பதிக்காமல் ஓரக் கால்வாயை மண்ணால் மூடிவிடுவார்கள். மழை வந்தால் தண்ணீர் சாலையில் நிற்கும்.

அணுகுசாலை என்பது மனைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே போடும் பொதுவான சிறு சாலை. அதன் வழியே பல மனைகள் சேர்ந்து ஓரிடத்தில் மட்டுமே நெடுஞ்சாலையைத் தொடுகின்றன. நிலம் கூடுதலாக வேண்டும், கடைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். இணைப்பைப் பெரிய சந்திப்புக்கு அருகில் வைத்தால் வண்டி வரிசையே அதை அடைத்துவிடும்.

வேகமும் நெரிசலும் உள்ள சாலைக்கு என் ஓட்டு அணுகுசாலைக்கே. போக்குவரத்து குறைந்த நேர்ச்சாலையில், இருபுறமும் தொலைவு வரை தெரிகிற ஒற்றை வீட்டுக்கு நேரடி வாசல் தரலாம். ஆனால் அந்த வீடு நாளை பெட்ரோல் பங்க் ஆனால், பழைய அனுமதி செல்லக் கூடாது.