மண்ணெண்ணெய்க்கு அடையாளம்: கண்ணுக்குத் தெரிவதா, தெரியாததா?

குளச்சல் கரையில் வள்ளம் இறக்குவதற்கு முன்னால், எனக்குப் பழக்கமான ஓர் அண்ணன் வெள்ளை கேனில் மண்ணெண்ணெயை ஊற்றி, அதில் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஆயிலைக் கலந்து குலுக்கினார். பிறகு கேனை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "பச்ச ஏறிட்டு மக்கா, போதும்" என்றார். ஆயிலில் நிறம் போட்டிருப்பதே அதற்குத்தான். கலந்தாயிற்றா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கலக்க மறந்தால் எஞ்சின் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான்.

ரப்பர் பலூனுக்கும் கையுறைக்கும் நிறம் சேர்க்கிற சின்ன யூனிட்டில் வேலை பார்ப்பவன் நான். அந்தப் பச்சையைப் பார்த்ததும் வேறொன்று தோன்றியது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு அரசு நீலம் போட்டிருக்கிறது. அந்த நீலம் கொஞ்சம் இந்தக் கேனுக்குள் வந்துவிட்டால் யாரால் கண்டுபிடிக்க முடியும்? பச்சைக்குள் நீலம் எங்கே போய் ஒளிந்ததென்று யாருக்கும் தெரியாது.

நம்ம குமரி மாவட்டத்துக்கு இது வெறும் ஆய்வுக்கூடக் கேள்வி இல்லை. மேற்கே கேரள எல்லைச் செக்போஸ்ட் களியக்காவிளை. அதைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு ஊரம்பு, பனச்சமூடு பக்கம் சின்னச் சின்ன ரோடுகள். மீனவர்களுக்கென்று மானியத்தில் வரும் மண்ணெண்ணெய் கேன் கேனாக எல்லை தாண்டப் போய்ப் பிடிபடுவது இங்கே பேப்பரில் அடிக்கடி வருகிற செய்தி. ஒரே சரக்குக்கு இரண்டு விலை இருந்தால் அது உயர்ந்த விலையைத் தேடித்தான் ஓடும். ஓடுகிற சரக்கு எங்கே கிளம்பியது என்று சொல்ல அதற்குள்ளேயே ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளத்துக்கு என்னென்ன போட்டியாளர்கள் இருக்கிறார்கள், எது எங்கே தேறும் என்று பார்க்கலாம்.

முதலாவது, எல்லாருக்கும் தெரிந்த நிறம். எண்ணெயில் கரையும் நீலச் சாயங்களில் பெரும்பாலானவை ஆந்த்ரகுவினோன் குடும்பம். குவினிசரின் என்கிற ஆரஞ்சு நிறப் பொடியை எடுத்து, அதில் பியூட்டைல் அமீன் போன்ற கொழுப்பு விரும்பும் வால்களை ஒட்டினால் நீலம் வந்துவிடும். வால் நீளமாக ஆக எண்ணெயில் கரைவது எளிது, டிரம் அடியில் வண்டலாகத் தங்காது. அமெரிக்காவில் ரோட்டில் ஓடாத வண்டிகளுக்கான டீசலுக்குச் சிவப்பு போடுகிறார்கள். பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் 100எல்எல் பெட்ரோலுக்கு நீலம். எல்லாவற்றிலும் கருத்து ஒன்றுதான்: யாரும் படித்திருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். வேறெந்த அடையாளத்துக்கும் இந்தச் சிறப்பு கிடையாது. ரேஷன் கடை வாசலில் நிற்கிற பாட்டிகூட "இது நம்ம எண்ணெயில்லா" என்று சொல்லிவிடுவார்.

ஆனால் நிறத்துக்கு மூன்று எதிரிகள். ஒன்று, நீர்த்துப்போவது. மஞ்சள் டீசலில் பத்தில் ஒரு பங்கு நீல மண்ணெண்ணெய் போனால் லேசான பச்சைச் சாயல் வரும், அவ்வளவுதான். இரண்டு, நான் கேனில் பார்த்தது போல இன்னொரு நிறம் மேலே ஏறி மூடிவிடுவது. மூன்றாவதுதான் மோசம். எண்ணெய் ஆலைகளில் நிறம் வெளுக்கப் பயன்படுத்தும் ஒருவகைக் களிமண் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை யூனிட்டில் ஆள் இல்லாத நேரத்தில், நானே நிறம் போட்ட அரை டம்ளர் எண்ணெயை அதன் வழியாக விட்டுப் பார்த்தேன். மண் மேலிருந்து கீழாக நீலமாகிக்கொண்டே வந்தது. அடியில் சொட்டியது தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. முகர்ந்தால் மண்ணெண்ணெய். நிறம் போடுவதைப் பிழைப்பாக வைத்திருப்பவனுக்கு அது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

சரி, இரண்டாவது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இன்னொரு மருந்தைச் சேர்த்தால் வெளிப்பட்டுவிடும். இதில் வகைகள் பல. மேலே சொன்ன அதே குவினிசரினை, வால் ஒட்டாமல் அப்படியே ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் போட்டால் எண்ணெயில் ஒன்றும் தெரியாது. காரத்தைச் சேர்த்தால் ஊதா பூக்கும். நீலச் சாயமும் இந்த மறைகுறியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். கூமரின் இன்னொன்று, காரத்தில் கொஞ்ச நேரம் வைத்து யு.வி. விளக்கில் காட்டினால் ஒளிரும். ஃபர்ஃப்யூரல் பழைய ஆள், அனிலினும் அசிட்டிக் அமிலமும் பட்டதும் சிவக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் பொதுக்குறியாகக் கொண்டுவந்த சால்வென்ட் எல்லோ 124 என்பதற்கு அமிலம் வேண்டும். நீர்த்த அமிலம் சேர்த்துக் குலுக்கினால் அது எண்ணெயை விட்டு இறங்கி, கீழே நிற்கும் அமிலத்தில் சிவப்பாகத் தேங்கும்.

இந்த வகையின் அழகும் கோளாறும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அமிலத்தோடோ காரத்தோடோ வினைபுரிவதால்தான் சோதிக்க முடிகிறது. அதே வினையைப் பெரிய தொட்டியில் செய்தால் குறி மொத்தமாகப் போய்விடும். அயர்லாந்தின் வடக்கு எல்லையில் பல ஆண்டுகள் இதுதான் நடந்தது. விவசாயத்துக்கான வரி குறைந்த டீசலை வாங்கி, அமிலத்தாலும் மண்ணாலும் வெளுத்து, கார்களுக்கு விற்றார்கள். வேலை முடிந்ததும் மிஞ்சிய நச்சுச் சேற்றை ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு விலை, நடுவே ஓர் எல்லை, ஊடுவழிகள் பல. கேட்கும்போது களியக்காவிளை ஞாபகம் வராமல் இருக்காது.

நம் நாட்டிலும் இந்தப் பாடம் படித்தாயிற்று. 2005இல் உத்தரப் பிரதேசத்தில் கலப்படம் செய்த பெட்ரோல் பங்குகளுக்குச் சீல் வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 அக்டோபரில் மண்ணெண்ணெயில் மறைகுறி சேர்க்கும் திட்டம் நாடு முழுக்க வந்தது. பங்கிலேயே டீசலை எடுத்துச் சோதித்துவிடலாம் என்பது ஏற்பாடு. 2009 பிறக்கும்போது அது கைவிடப்பட்டது. களிமண்ணில் வடிகட்டினால் குறி நீங்கிவிடுகிறது என்று தெரியவந்ததுதான் அதைச் சாய்த்தது. அரை டம்ளரில் நான் பார்த்த அதே கதை.

மூன்றாவது போட்டியாளர் எதோடும் வினைபுரியாத சாது. பியூட்டாக்சிபென்சீன் என்று பெயர். பிரிட்டனும் அயர்லாந்தும் 2015இல் இதைச் சேர்க்கத் தொடங்கின, அதற்குப் பிறகு அங்கே வெளுக்கும் தொழில் படுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் மஞ்சளை விட்டு 2024இல் இதற்கு மாறியது. இது ஏன் போகாது? அமிலம், காரம் எதற்கும் அசையாது. மண்ணில் ஒட்டிக்கொள்ளப் பிடிமானமும் இதற்குப் பெரிதாக இல்லை. காய்ச்சி வடிக்கலாமே என்றால் இதன் கொதிநிலை 210 டிகிரி செல்சியஸ் சுமார். மண்ணெண்ணெய் கொதிப்பது 150 முதல் 300 வரை. அதாவது சரக்கின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பிரித்தெடுக்கப் போனால் பாதி மண்ணெண்ணெயையும் சேர்த்துத் தூக்க வேண்டும். தோற்றத்திலும் குணத்திலும் எண்ணெய் மாதிரியே இருப்பதுதான் இதன் பலம்.

விலை எங்கே கொடுக்க வேண்டும் என்றால், கண்டுபிடிக்கிற இடத்தில். எண்ணெய் மாதிரியே இருப்பதை எண்ணெயிலிருந்து வேறுபடுத்த கலவையைப் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபும், பிரிந்தது என்னவென்று காட்ட அதோடு இணைந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் வேண்டும். கருவியைச் சின்னதாக்கி வண்டியில் ஏற்றலாம்தான். ஆனாலும் அது யந்திரம், பழகிய ஆள் வேண்டும், நம்ம ஊர் உப்புக்காற்றையும் அது தாங்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் செக்போஸ்ட்டில் நிற்கிற காவலருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

அருமண் (ரேர் எர்த்) சேர்மங்களையும் சிலர் சொல்வார்கள். யூரோ நோட்டில் யு.வி. விளக்கில் சிவப்பாக ஒளிர்வது யூரோப்பியம். மணவாளக்குறிச்சியில் அருமண் தனிமங்கள் உள்ள மோனசைட் மணல் கிடக்கும்போது நாமே செய்யலாமே என்று ஆசை வரும். நம் மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும்தான் மிகுதி, யூரோப்பியம் பெயருக்கு. அதைவிட முக்கியமாக, எரிபொருளில் உலோகம் போட்டால் எரிந்தபின் சாம்பலாகத் தங்கும். ரூபாய் நோட்டுக்கும் மருந்து அட்டைக்கும் சரி, எஞ்சினுக்கு வேண்டாம். மோனசைட் இங்கே கிடைப்பதே ஓர் அடையாளத்தால்தான் தெரியவந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அது வந்த கரையைத் தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். யாரும் போடாத குறி, யாரும் வெளுக்க நினைக்காத குறி.

எந்தக் குறியும் போடாமல் அடர்த்தியை அளந்தால் என்ன என்றும் கேட்கலாம். பங்கில் அதற்கு ஹைட்ரோமீட்டர் உண்டு. 15 டிகிரிக்குத் திருத்திய அளவு, பில்லில் உள்ளதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது. கொஞ்சமாகக் கலந்தால் இது காட்டிக்கொடுக்காது. போன வருஷம் ஒரு பங்கில் நான் கேட்டபோது ஹைட்ரோமீட்டர் டப்பாவுக்குள் இருந்தது, டப்பா அலமாரிக்குள் இருந்தது, சாவி முதலாளியிடம் இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இவற்றை வரிசையாக நிறுத்தி மார்க் போட்டால் பியூட்டாக்சிபென்சீன்தான் முதலிடம் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் இரண்டு வேறு திருட்டுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருப்பது புரிந்தது. கலப்படம் செய்பவன் மண்ணெண்ணெயை டீசலாக்கி விற்க வேண்டும். அதனால் அவன் வெளுத்தே ஆக வேண்டும், அவனைப் பிடிக்க வெளுக்க முடியாத குறிதான் வேண்டும். பங்கில் எடுத்த சாம்பிள் எப்படியும் லேபுக்குப் போகும், யந்திரம் அங்கே இருந்தால் போதும். கடத்துபவன் கதை வேறு. எல்லைக்கு அந்தப் பக்கமும் அது வள்ளத்துக்குத்தான் ஊற்றப்படப்போகிறது, மண்ணெண்ணெயாகவே போகிறது. அதை வெளுக்க அவனுக்கு ஒரு தேவையும் இல்லை. அவனுக்கு எதிராக வேண்டியது அழியாத குறி இல்லை, அந்த இடத்திலேயே இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்கிற குறி. நம்ம மாவட்டத்தில் அதிகம் இந்த இரண்டாவது வகைதான். அப்படியானால், நாடளவில் தோற்றுப்போன வினைபுரியும் மறைகுறி இங்கே முதலிடத்துக்கு வருகிறது.

அதிலும் அமிலத்தில் இறங்குவதைவிடக் காரத்தில் இறங்கும் குவினிசரின் என் தேர்வு. காரணம் அந்தப் பச்சை. சோதித்துப் பார்த்தேன்: ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராம் குவினிசரின் போட்ட மண்ணெண்ணெய், அதில் 2டி ஆயில், சோதனைக்குழாயில் பாதி. அதன்மேல் நீர்த்த காஸ்டிக் சோடா கொஞ்சம். மூடிக் குலுக்கி நிமிர்த்தி வைத்தேன். ஆயிலில் உள்ள சோப்புச் சமாசாரத்தால் முதலில் பால் மாதிரி கலங்கியது. கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். ஐந்தாறு நிமிஷம் கழித்துப் பிரிந்தது: மேலே பச்சை எண்ணெய் அப்படியே, கீழே ஊதாத் தண்ணீர். ஆயிலின் நிறம் எண்ணெயைவிட்டு இறங்கவில்லை, குறி இறங்கிவிட்டது. மூடி மறைக்க ஒன்றும் இல்லை.

கரையில் பயன்படுத்த வேண்டுமென்றால் இன்னும் சிலதைப் பார்க்க வேண்டும். கேனில் எப்படியும் கொஞ்சம் கடல்நீர் கிடக்கும். கடல்நீரே லேசான காரம். மாதக்கணக்கில் அடியில் நின்றால் குறியை அது மெதுவாக உறிஞ்சிவிடுமா என்று தெரிய வேண்டும், அதற்கு இரண்டு கேன்களை மூடி வைத்திருக்கிறேன். பிரிய ஆகும் ஐந்து நிமிஷத்தை இரண்டாக்க, சோடாவில் கொஞ்சம் உப்பு சேர்த்தும் பார்க்கப் போகிறேன்.

குழாயைக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ரெண்டு பக்கமா நிக்குல்லா. இது எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

"ஆகாதுண்ணே. லிட்டருக்கு 5 மில்லிகிராம். கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான், எரிஞ்சு போயிரும். சாம்பல் நிக்காது."

"செரி. மொதல்ல பழைய எஞ்சின்ல ஊத்திப் பாப்போம்" என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எங்க கேனைத் திறந்து பாக்க வாறவன், நாங்க கடலுக்குப் போற நேரத்துல வரக் கூடாது. அஞ்சு நிமிசம் நிப்பாட்டினா நெத்திலி போயிரும்" என்றார்.